வெள்ளைத் துணிக்கு ஒரு மெஷின்

சின்னவள் ஒரு மணி நேரத்தில் எழுபது சட்டைகளுக்குக் காலர் வைப்பாள். அவள் அக்கா பெரியவள் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். ஆஸ்பத்திரியில் தன்னோடு தரை துடைக்கிறவர்களிடம் சொல்வாள், நர்சுகளிடம் சொல்வாள். ஒருமுறை மயக்கம் தெளியாத நோயாளி ஒருவரின் கட்டிலுக்கடியில் துடைத்துக்கொண்டே அவரிடமும் சொன்னாள்.

"எழுபதுங்க. ஒண்ணுகூடத் திரும்பி வராது. ஃபாக்டரியில அவ பேரே காலர்தான். சொந்தப் பேர் சொல்லிக் கேட்டா வாட்ச்மேனுக்கே தெரியாது."

பதினோரு வருஷம், மூன்றாவது வரிசை, ஐந்தாவது மெஷின். உடம்புத் துணி இடதுபக்கத்திலிருந்து வரும், காலர் வலதுபக்கத்திலிருந்து வரும். சின்னவள் இரண்டையும் சேர்த்து அடுத்தவளுக்குத் தள்ளுவாள். கை வைத்தது யார், பொத்தான் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. முழுச் சட்டை ஒன்றை அவள் தன் கையால் தைத்ததே இல்லை. அதைப் பெரியவள் யாரிடமும் சொன்னதில்லை.

சின்னவளின் வீட்டுக்காரன் பெயிண்டர். நான்காவது மாடி வெளிச்சுவருக்குப் பூசும்போது சாரத்தோடு விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தவறவே கூடாது.

ஏன் என்று சின்னவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. பெரியவளுக்கு வேண்டியிருக்கவில்லை. படுத்த படுக்கையில் முதுகு புண்ணாகி, அந்தப் புண்ணே ஆளைக் கொண்டுபோனதைப் பெரிய வார்டில் அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்த விரிப்புகளைச் சுருட்டி எடுத்துப்போனதும் அவள்தான்.

ஃபாக்டரி என்றால் காலை எட்டிலிருந்து மாலை ஆறு. பத்து மணி நேரம் அவனைப் புரட்ட யார் இருக்கிறார்கள்? சின்னவள் வேலையை விட்டாள். இரண்டரை மாதம் பெரியவளின் சம்பளத்தில் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது. அவளுக்கென்று குடும்பம் கிடையாது, இரண்டு தெரு தள்ளி ஓர் அறைதான். ஆனாலும் அது எத்தனை நாளைக்கு ஓடும்? வீட்டிலிருந்தே சின்னவள் சம்பாதித்தாக வேண்டும். இல்லையென்றால் அவனைத் தனியே போட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இருந்தால் சொல்லுங்கள் என்று பெரியவள் பலரைக் கேட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர்தான் சொன்னார். நோயாளிகள் போடும் வெள்ளை அங்கி நூற்றிருபது வேண்டும், தைத்துக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டே போய்விட்டார், இரண்டு வாரம் அவகாசம்.

"சரியா வந்தா மாசாமாசம் உங்க தங்கச்சிக்கே. ஆனா ஒண்ணு, கறை கிறை இருந்தா மொத்தத்தையும் திருப்பிடுவேன். வெள்ளைத் துணி பாருங்க."

"கறையா? என் கைக்குக் கீழேயா?" என்றாள் பெரியவள்.

அவர் சிரித்துவிட்டார். அவள் துடைத்த தரையில் செருப்போடு நடக்க டாக்டர்களே கூச்சப்படுவது அவருக்கும் தெரியும்.

கிழிந்துபோன அங்கி ஒன்றைப் பெரியவள் கேட்டு வாங்கி வந்தாள். சின்னவள் அதைத் தையல் தையலாகப் பிரித்துச் செய்தித்தாள் மேல் பரப்பி, ஓரம் பிடித்து வரைந்து வெட்டினாள். பெரியவள் ஒவ்வொரு காகிதத்திலும் 'முன்', 'பின்', 'கை' என்று எழுதினாள். முன்பக்கத்தை மட்டும் இரண்டு தடவை எழுதினாள், எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் தெரியட்டும் என்று.

பிறகு துணி. மூன்று கடைகளில் ஒரு முழம் ஒரு முழம் வாங்கினாள். மூன்றையும் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காயப்போட்டு, தரையில் பதித்த கல்லின் விளிம்போடு வைத்துப் பார்த்தாள். ஒரு துண்டு இரண்டு விரற்கடை சுருங்கியிருந்தது. இன்னொன்று வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளின் மூக்குத் தெரிந்தது.

"நோயாளி மானம் கப்பலேறிடும்" என்று அதையும் ஒதுக்கினாள்.

நூலைக் கொளுத்திப் பார்த்தாள். உருகி உருண்டையானது சுத்தப் பருத்தி இல்லை, ஆனால் சலவைக்குத் தாங்கும். சாம்பலானது பருத்தி, வெந்நீரில் போட்டுப் போட்டு அறுந்துபோகும். உருண்டையானதையே எடுத்தாள். கோடு போட நீலச் சாக்பீஸ் வேண்டாம், வெள்ளையில் நீலம் தங்கிவிடும் என்று தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளைக் காயவைத்துச் சேர்த்தாள். கத்தரி, அளவு நாடா, பதினாலாம் நம்பர் ஊசி, பதினாறாம் நம்பர் ஊசி, அடிநூல் சுற்றப் பத்து பாபின், வெளிச்சத்துக்கு ஒரு குனிந்த விளக்கு.

"அண்ணி, மெஷின் ஒண்ணுதான் பாக்கி. அதையும் கொளுத்திப் பாத்துட்டு வாங்கிடுவீங்க" என்றான் கட்டிலில் கிடந்தவன். விழுந்த பிறகு அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசியது அந்த வாரம்தான்.

பழைய மெஷின் விற்கும் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தார். பெரியவள் பையிலிருந்து துணியை நான்காக மடித்து நீட்டினாள்.

"இதுல தைச்சுக் காட்டுங்க."

"மெஷின் வாங்க வந்தீங்களா, மெஷினுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. தலையில கட்டிட்டா அப்புறம் திருப்பிக் குடுக்க முடியாதே."

முதலில் காட்டியது கால் மெஷின். கறுப்பு உடம்பு, கரண்ட் வேண்டாம், விலையும் கம்மி. நான்கு மடிப்பில் தைக்கத்தான் செய்தது, மாட்டு வண்டி மேடேறுவதுபோல. இரண்டாவது பிளாஸ்டிக் உடம்பு. இருபத்து நான்கு டிசைன் போடும் என்றார் கடைக்காரர்.

"யாருக்கு டிசைன்? சீக்காளி நெஞ்சுல பூப் போடவா?" என்றாள் பெரியவள். நான்காவது மடிப்பில் ஊசி நட்டுக்கொண்டு நின்றது.

மூன்றாவது பவர் மெஷின். ஃபாக்டரியில் இருப்பதுபோலவே சாம்பல் நிறம், அகலப் பலகை, கீழே சத்தம் போடாத சின்ன மோட்டார். சின்னவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முழங்காலால் தட்டினாள், துணியைப் பிடிக்கும் அமுக்கி எழும்பியது. மிதியைப் பாதத்தால் தொட்டாள். துணி ஒரு மூச்சில் அந்தப் பக்கம் போய் விழுந்தது.

கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். "எந்த ஃபாக்டரிம்மா?"

"மணிக்கு எழுபது காலர்" என்றாள் பெரியவள், கேட்காத கேள்விக்கு.

தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள், பிரியவில்லை. நூல் இறுக்கத்தைக் கேட்டாள், மோட்டார் பட்டையைக் கேட்டாள், வீட்டுக் கரண்ட் தாங்குமா என்று கேட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் விழுந்ததற்கு நஷ்டஈடாக மேஸ்திரி ஒரே தடவையாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாரே, அந்தப் பணம் முழுவதும் அன்று அந்தக் கடையில் இறங்கியது.

மறுநாள் காலை கடை ஆள் ஒருவன் மெஷினை மூன்று பகுதியாக மாடி ஏற்றினான். அடியில் வரும் தட்டத்தை மட்டும் தளும்பும் பாத்திரம்போலப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறினான். மாட்டினான், ஓட்டிக் காட்டினான்.

"எல்லாம் ரெடிம்மா. ஸ்விட்சைப் போட வேண்டியது, தைக்க வேண்டியது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று படி இறங்கினான்.

சின்னவள் உள்ளே வீட்டுக்காரனைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அன்று லீவு. பழைய பொருள் எதையும் அவள் கழுவாமல் வீட்டுக்குள் வைத்ததில்லை. மெஷின் தலையைப் பின்பக்கம் சாய்த்துப் பார்த்தவள் கத்தினாள்.

"ஏய், இங்க வாடி! பாரு இந்த அநியாயத்த!"

அடித் தட்டத்தில் இரண்டு விரல் ஆழத்துக்கு எண்ணெய். அழுக்கு நிறம், பஞ்சுத் தூசு மிதந்தது.

"ஒழுகுற மெஷினைத் தலையில கட்டிட்டான்டி. எத்தனை வருஷத்துக் கசிவோ. இதுமேல வெள்ளைத் துணியப் போட்டா என்னாகும்?"

சின்னவள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். எண்ணெய்க் கறை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒரு சட்டையில் ஒரு பொட்டு இருந்தால் கட்டு முழுவதும் திரும்பி வரும், சூப்பர்வைசர் வரிசை நடுவில் நின்று கத்துவார். "தொடைச்சு எடுத்துடுக்கா. ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

"ஏன் அண்ணி, வண்டி எஞ்சின்ல எண்ணெய் இருக்குமே, அந்த மாதிரி எதுக்காவது இருக்கப்போகுது" என்றான் கட்டிலிலிருந்து அவன்.

"நீங்க சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சவரு. இது என் தொழில்" என்றாள் சின்னவள். "பதினோரு வருஷம் ஓட்டியிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் எண்ணெய் ஊத்தினதும் இல்ல, எண்ணெயப் பாத்ததும் இல்ல."

அது சத்தியம். ஃபாக்டரியில் எட்டு மணிக்கு மணி அடித்த பிறகுதான் கதவைத் திறந்து பெண்களை உள்ளே விடுவார்கள். அவர்கள் போகும்போது மெஷின்கள் துடைத்து வைத்ததுபோல நிற்கும். அதற்கு முன் உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பெரியவள் அதற்குமேல் பேச்சுக் கேட்கவில்லை. எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றிச் சாக்கடையில் கொட்டினாள். தட்டத்தைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். பழைய பல் துலக்கும் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் எடுத்தாள். தலைமேல் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி மூடி இருந்தது, உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. அதையும் ஊதித் துடைத்தாள். வேலை முடிந்து எழுந்தபோது அந்த மெஷினின் அடியில் வெள்ளைக் கைக்குட்டையை இழுத்தாலும் அழுக்கு ஒட்டாது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

மூன்று நாள் அந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சின்னவள் காலையில் வெட்டினாள், பத்து மணிக்குத் தைக்க உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவனைப் புரட்டினாள். காலரைத் தவிர வேறொன்றும் தைக்காதவள் கை வைத்தாள், நாடா வைத்தாள், ஓரம் மடித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பெரியவள் எண்ணி அடுக்கினாள், நாற்பது. ஒவ்வொன்றையும் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பொட்டுக் கறை இல்லை.

"உன் மெஷின் இன்னிக்குக் குரல் மாத்திப் பாடுது" என்றான் அவன்.

"கரண்ட் கம்மியா வருது. சாயங்காலம் எல்லா வீட்லயும் மோட்டார் போடுவாங்கல்ல?"

நான்காம் நாள் காலையில் ஏழாவது அங்கியின் தோள் தைக்கும்போது கருகிய வாடை வந்தது. சின்னவள் ஸ்விட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி போட்டாள். கீழே மோட்டார் உறுமியது, தலை அசையவில்லை. கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். கல்லாகப் பிடித்திருந்தது.

ஃபாக்டரி மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நல்ல மனிதர், பழைய பழக்கத்துக்காக வந்தார்.

"என்ன காலரு, எப்படி இருக்கே? மாப்பிள்ளை, பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே மெஷின் தலையைச் சாய்த்தார். சாய்த்தவர் அப்படியே நின்றார். விரலை விட்டுத் தட்டத்தைத் தடவினார். விரலைப் பார்த்தார்.

"எண்ணெய் எங்கே?"

அந்த விரலை அவர்கள் முன் நீட்டினார்.

"இந்தத் தட்டம் முழுக்க எண்ணெய் நிக்கணும்மா. மெஷின் ஓட ஓட மேலே இழுத்துக்கும். மேலே கண்ணாடி மூடி இருக்கே, அதுல தெறிக்கிறது தெரியணும். தெறிக்கலைன்னா நிறுத்திடணும். உனக்குத் தெரியாதா?"

"நீங்க ஊத்தி நான் பாத்ததே இல்லியேண்ணா."

"நான் தினம் ஏழரைக்கு ஊத்துவேன். நீங்க எட்டுக்கு வருவீங்க." அவர் தலையைச் சொறிந்தார். "யாரு இப்படி வழிச்சு எடுத்தது? புது மெஷின்ல கூட இவ்வளவு சுத்தத்த நான் பாத்ததில்லையே."

"நான்தான்" என்றாள் பெரியவள்.

அவர் அரை மணி நேரம் கழற்றிப் பார்த்தார். உள் தண்டு வெந்து, அதைத் தாங்குகிற புஷ்ஷோடு ஒட்டிவிட்டது, அடியில் நூல் பிடிக்கிற ஷட்டில் தேய்ந்துவிட்டது. அதையெல்லாம் மாற்றுவதென்றால் இதேபோல இன்னொரு பழைய மெஷின் வாங்கலாம் என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதுதான் பெரியவளை இன்னும் அடித்துப்போட்டது.

கடைக்காரர் அன்று சிரித்துப் பேசவில்லை. "நிரப்பி அனுப்பினேன். என் ஆள் தட்டத்தைக் கையிலேயே ஏந்திக்கிட்டு வந்தான். நீங்க கொட்டினா நான் பொறுப்பா? பழைய இரும்பு விலைக்கு வேணா எடுத்துக்கறேன், இறக்குக் கூலி உங்களுது."

பக்கத்து வீட்டு டீச்சர் தன் கால் மெஷினை ஒரு வாரத்துக்குக் கொடுத்தாள். சின்னவளுக்கு அந்த மிதி பழகவில்லை. முன்னால் மிதித்தால் மெஷின் பின்னால் சுற்றியது, நூல் அறுந்தது. தடித்த ஓரங்களில் ஊசி முறிந்தது. தொடை வீங்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். டியூட்டி முடிந்து பெரியவள் வந்து நாடாக்களைக் கையால் தைத்தாள். சின்னவள் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. திட்டினாலாவது தேவலை என்று பெரியவளுக்கு இருந்தது.

"திட்டிடுடி."

"எதுக்கு?"

"நான்தானே கொட்டினேன்."

"நான்தானே கொட்டச் சொன்னேன். ஊசியக் கோத்துக் குடு, கண்ணு தெரியல."

பதினாலாம் நாள் எழுபத்தெட்டு அங்கிகளை மூட்டை கட்டிப் பெரியவள் தூக்கிப்போனாள். ஸ்டோர் கீப்பர் பத்து அங்கிகளை விரித்துப் பார்த்தார். ஒன்றைத் தன் மேசை மேலேயே பரப்பித் தையலைத் தடவினார்.

"கை சுத்தம்ங்க. பழைய ஆளு இப்படித் தைக்கல. ஆனா வார்டுக்கு எண்ணிக்கை வேணுமே. நேத்து மேலேருந்து கேட்டுட்டாங்க, வேற இடத்துல பேசிட்டேன். மாசாமாசம் அவங்களுக்குத்தான். இந்த எழுபத்தெட்டை எடுத்துக்கறேன்."

"இன்னும் ஒரு பத்து நாள் குடுத்தீங்கன்னா..."

"பத்து நாளைக்குச் சீக்காளிங்க எதைப் போட்டுப்பாங்க?"

பெரியவள் மூட்டை கட்டிய துணியை உதறி மடித்துக்கொண்டாள். அந்த வார்டைத் துடைப்பவளே அவள்தான்.

கால் மெஷினை டீச்சர் திரும்பக் கேட்டாள், அவள் மகளுக்குத் தேவைப்பட்டது. தெருவில் யாரும் தைக்கத் துணி கொடுக்கவில்லை, முனையிலேயே இரண்டு தையல் கடைகள் இருந்தன. பெரியவள் தன் டியூட்டியை மத்தியானத்துக்கு மாற்றித் தரச் சொல்லி ஆஸ்பத்திரிச் சூப்பர்வைசரிடம் ஒற்றைக் காலில் நின்றாள். காலையில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டோடு ஓர் ஆள் வைக்கலாமா என்று விசாரித்தார்கள். அந்த ஆள் கேட்ட சம்பளமே சின்னவளின் முழுச் சம்பளம்.

அடுத்த வாரம் சின்னவள் ஃபாக்டரிக்குப் போனாள். ஐந்தாவது மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்து காலர் வைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கடைசி மேசையில் நிற்க வைத்து, தைத்து வந்த சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்கச் சொன்னார்கள்.

விடிவதற்கு முன்பே அவன் கட்டிலைச் சுற்றி எல்லாம் தயாராகும். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, போன், மூத்திரக் குடுவை. ஏழேகாலுக்கு அவனை வலதுபக்கம் சாய்த்துத் தலையணை முட்டுக்கொடுத்துவிட்டுச் சின்னவள் கிளம்புவாள்.

"கதவைப் பூட்டாதே. யாராவது எட்டிப் பாத்தா ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டாவது இருப்பேன்" என்றான் முதல் நாள்.

"திறந்து போட்டா நாய் வரும்."

"வந்தா அதுகிட்டப் பேசறேன்."

பன்னிரண்டரைக்குப் பெரியவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை. அரை மணி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் பன்னிரண்டு நிமிஷம், திரும்ப அதே பன்னிரண்டு. மிச்சம் ஆறு நிமிஷத்தில் அவனை இடதுபக்கம் புரட்டிக் குடுவையைக் கழுவிவைத்துவிட்டு ஓடுவாள். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோவாள். காலை ஏழேகாலிலிருந்து மாலை ஆறரை வரைக்கும் அவனைப் புரட்டுவது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்கு உடம்பு துடைத்தார்கள். சின்னவள் தோளைப் பிடித்துக்கொள்ள, பெரியவள் ஈரத் துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டே இடுப்புக்கு வந்தாள். வலது இடுப்பெலும்பின்மேல் கட்டைவிரல் நகம் அளவு சிவந்திருந்தது. பெரியவள் அதன்மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். நல்ல தோலென்றால் அழுத்திய இடம் வெளுத்துவிட்டு மறுபடி சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, கை நின்னுடுச்சு?" அவனுக்கு அந்த இடத்தில் எதுவும் தெரியாது.

"தண்ணி ஆறிப்போச்சு. வேற கொண்டுவரேன்."

அடுப்படிக்குச் சின்னவளும் பின்னாலேயே வந்தாள். அவளும் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் அக்காதான், அதனால் அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"ஆரம்பமாக்கா?"

"ஆமாம்."

சின்னவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்து மூன்றாவதில் பற்றியது.

"நாளைக்கு நீ கொஞ்சம் முன்னாடியே வர முடியுமா? பத்து மணிக்கு மாதிரி?"

"பத்து மணிக்கு விட மாட்டாங்கடி."

"கேட்டுப் பாரேன்."

"கேட்டுட்டேன்."

தண்ணீர் சுடும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். உள்ளேயிருந்து அவன், துண்டு நழுவிவிட்டது, குளிர்கிறது என்று கூப்பிட்டான்.